மகளுக்கு ஓபர்லின்ல இடம் கிடைச்சிருக்கு, அந்த ஊரைத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

#1 மாட்டுத்தாவணி

வணக்கம் மக்களே. மதுரையிலிருந்து எழுதுறேன். மகளுக்கு ஓஹையோ மாநிலத்துல ஓபர்லின் கல்லூரியில இடம் கிடைச்சிருக்கு. உதவித்தொகையும் கணிசமாக் குடுக்குறாங்க. பிள்ளைக்குத் தரையில கால் பாவலை. எனக்குத்தான் வயித்தக் கலக்குது.

மொத்த ஊருக்கே எட்டாயிரத்துச் சொச்சம் பேராம். அதுல மூவாயிரம் பக்கம் படிக்கிற பிள்ளைகதான். வரைபடத்துல பெரிசாக்கிப் பார்த்தேன். நடுவுல ஒரு பச்சைச் சதுரம், சுத்தி நாலு தெரு, தாண்டினா சோளக்காடு. அவ்வளவுதான் ஊர். அமெரிக்கான்னா நியூயார்க், சிகாகோன்னு நினைச்சுக்கிட்டிருந்த என் சம்சாரம், "இதுக்கு நம்ம மேலூரே பரவாயில்லையே"ங்கிறா.

பாதுகாப்பு எப்படி, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி, குளிர் தாங்குமா, இதெல்லாம் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு. ஏதோ பேக்கரி வழக்குல கல்லூரி பெரிய தொகை கட்டுச்சுன்னு படிச்சேன். ரொட்டிக்கடையோட சண்டை போடுற கல்லூரியா அது?

#2 எரி_ஏரிக்கரை

வாழ்த்துகள் சார், முதல்ல இனிப்பு எடுத்து வையுங்க. நான் கிளீவ்லாந்து பக்கம் இருபது வருஷமா இருக்கேன். ஓபர்லின் இங்கிருந்து தென்மேற்கே 35 மைல். விமான நிலையத்துல இறங்கினா காரில் முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். கார் இல்லைன்னா கொஞ்சம் சிரமம்தான். ரயில் பத்து மைல் தள்ளி எலிரியாவுல நிக்கும், அதுவும் ஊர் உறங்குற நேரத்துல. பிள்ளையை ரயிலை நம்பி அனுப்பாதீங்க.

குளிர்: பனியைக் கூட சமாளிச்சிடலாம். நவம்பர்ல மூடுற வானம் மார்ச் வரைக்கும் திறக்காது, அதுதான் ஆளைச் சாய்க்கும். எரி ஏரி பக்கத்துல இருக்கிறதால வர்ற வினை. நல்ல கோட்டு இங்க வந்து வாங்கிக்கலாம், மதுரையில தேடி அலையாதீங்க.

கோயில் வேணும்னா பார்மாவுல சிவா விஷ்ணு கோயில் இருக்கு. மளிகை சாமானுக்கும் கிளீவ்லாந்துப் பக்கம்தான் வரணும். 1978லிருந்து இங்க தியாகராஜர் ஆராதனை நடக்குது, ஈஸ்டர் சமயத்துல தொடங்கும். பிள்ளைக்குப் பாட்டுல ஆர்வம் உண்டா? ஓபர்லின்ல 1865ல ஆரம்பிச்ச இசைப்பள்ளி இருக்கு. வருஷத்துக்கு நூத்துக்கணக்குல கச்சேரி, பெரும்பாலும் இலவசம். ஊர்க்காரங்க செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்து வந்து உக்காந்து கேட்டுட்டுப் போவாங்க.

#3 ஓபி_அடிக்காதவள்

அங்கிள், நான் அங்க படிச்சவ. சென்னைப் பொண்ணு, இப்ப பாஸ்டன்ல வேலை. அங்க படிக்கிறவங்களை 'ஓபி'ன்னுதான் கூப்பிடுவாங்க. முதல் வாரம் அப்பாகிட்ட போன்ல "நான் இப்ப ஒரு ஓபி"ன்னேன். "அதுக்கா இவ்ளோ செலவு பண்ணி அனுப்பினேன்"னு கேட்டார். அதுல வந்ததுதான் இந்தப் பேரு.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். மாணவர்களே நடத்துற கூட்டுறவுச் சமையற்கூடங்கள் இருக்கு, 1950லிருந்து. நாங்களே சாமான் வாங்கி, நாங்களே சமைச்சு, நாங்களே கழுவணும். வாரத்துக்கு ஒரு தரம் என் முறை. எண்பது பேருக்கு சாம்பார் வெச்சிருக்கேன். வீட்டுல வெந்நீர் வெச்சதில்லை நான்! பருப்பு அடிப்பிடிச்சு, அண்டாவுக்குள்ள பாதி உடம்பை விட்டுத் தேய்ச்ச ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கு. ஒருத்தன் புளியைப் பார்த்து இது என்ன ஜாம்னு கேட்டுட்டு அப்படியே வாயில போட்டுக்கிட்டான்.

இன்னொரு விஷயம் சொல்றேன், இது வேற எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க. கல்லூரி மியூசியத்துல இருந்து அசல் ஓவியத்தை அறைக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம். செமஸ்டருக்கு 5 டாலர். 1940லிருந்து நடக்குது. பிக்காசோ எல்லாம் உண்டு. முதல்நாள் ராத்திரியே தூக்கப்பையோட புல்வெளியில வரிசை பிடிப்பாங்க. எனக்கு முன்னாடி இருந்தவ பிக்காசோவைத் தூக்கிட்டா. எனக்கு யாரோ பேர் தெரியாதவர் வரைஞ்ச கறுப்பு வெள்ளை மரம்தான் கிடைச்சது. நாலு மாசம் கட்டிலுக்கு மேல மாட்டி வெச்சிருந்தேன். திருப்பிக் குடுக்கிற அன்னைக்கு, நம்புங்க, கண்ணு கலங்கிடுச்சு.

#4 வரிக்கணக்கு

எல்லாரும் பூவா தூவுறீங்க. நான் ஓஹையோவுலயே வேற ஒரு கல்லூரி ஊர்ல இருக்கேன், அதனால மறுபக்கத்தைச் சொல்றேன். இந்த மாதிரி ஊர்கள்ல கல்லூரிதான் ராஜா. ஓபர்லின்ல ஹோட்டல் கல்லூரியோடது. 1913ல தொடங்கின அப்பல்லோ தியேட்டரையும் 2009ல கல்லூரிதான் வாங்குச்சு. ஆனா கல்விக்குப் பயன்படுற நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொத்துவரி கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடம் சொத்துவரியை நம்பி ஓடுறது. சுமை வீட்டுக்காரன் தலையில.

2020ல சமையல், துப்புரவு வேலையை வெளி நிறுவனத்துக்குக் குடுத்தாங்க. நூத்துக்கும் மேல சங்கத் தொழிலாளர்களோட வேலை கல்லூரி கையை விட்டுப் போச்சு. தலைமுறையா அங்க வேலை பாக்குற ஊர்க்காரங்க அவங்க. சமத்துவத்தைப் பத்தி வகுப்பெடுக்கிற இடத்துல இது. மாட்டுத்தாவணி சார், பிள்ளையை அனுப்புங்க, தப்பில்லை. ஆனா சொர்க்கம்னு நினைச்சு அனுப்பாதீங்க.

#5 எரி_ஏரிக்கரை

@வரிக்கணக்கு, சொத்துவரி வரைக்கும் நீங்க சொல்றது சரி. ஆனா ஓஹையோவுல நகரங்கள் சம்பளத்துக்கு வருமான வரி போடுதே, அதை விட்டுட்டீங்க. எங்க வேலை பாக்குறோமோ அந்த ஊருக்குத்தான் முதல்ல வரி. பேராசிரியர் பக்கத்து டவுன்ல வீடு கட்டியிருந்தாலும் ஓபர்லினுக்குக் கட்டியாகணும். கல்லூரிச் சம்பளம் குறைஞ்சா நகராட்சிக் கஜானா குறையும். அதனால கல்லூரிக்குத் தும்மல் வந்தா ஊருக்குச் சளி பிடிக்கும். ரெண்டும் ஒட்டிப் பிறந்ததுங்க.

ஊர்ல கல்லூரியைத் தவிர ஒண்ணுமே இல்லைன்னு நினைக்காதீங்க. கிளீவ்லாந்து வான்வெளிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் கிளீவ்லாந்துல இல்லை, ஓபர்லின்லதான் இருக்கு. சோளக்காட்டுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, தலைக்கு மேல போற விமானங்களுக்கு வழி சொல்றாங்க. மின்சாரமும் நகராட்சியே விநியோகிக்குது, குப்பைமேட்டுல இருந்து வர்ற வாயுவுல எடுக்கிறதும் அதுல கணிசமா உண்டு.

#6 மாட்டுத்தாவணி

சண்டை போடாம சொல்லுங்கப்பா. எனக்கு ரெண்டு பக்கமும் தெரியணும். ஒட்டிப் பிறந்ததுன்னா? கல்லூரி முந்தியா ஊர் முந்தியா?

#7 பசுமலைக்காரன்

தம்பி, ரெண்டும் 1833தான். ஜான் ஷிப்பர்டு என்ற பாதிரியாரும் ஃபைலோ ஸ்டூவர்ட் என்ற அவருடைய நண்பரும் காட்டை வெட்டித் திருத்தி, ஊரையும் கல்லூரியையும் சேர்த்தே தொடங்கினார்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மலைக்கிராமங்களில் சேவை செய்த பாதிரியார் ஒருவரின் பெயர்தான் ஓபர்லின். அவர்கள் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

நான் அமெரிக்கன் கல்லூரியில் நெடுநாள் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டம்மா மேலூரே பரவாயில்லை என்றார்கள் அல்லவா? அவர்களிடம் சொல்லுங்கள், ஓபர்லினுக்கும் மதுரைக்கும் உறவு நேற்று வந்ததல்ல. 1900இல் சீனாவில் பாக்ஸர் கலகம் நடந்தபோது ஷான்சி மாகாணத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஓபர்லின் பட்டதாரிகளும் அவர்களின் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக அந்தப் பச்சைச் சதுரத்தில் 1903இல் ஒரு கல் வளைவு எழுப்பினார்கள். 1908இல் 'ஓபர்லின் ஷான்சி' என்ற அமைப்பு வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு சீனாவில் வேலை நின்றுபோனது. 1950களில் அவர்கள் திரும்பிப் பார்த்த இடங்களில் ஒன்று நம் மதுரை. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அப்போதுதான் பட்டம் வாங்கிய பிள்ளைகளை அனுப்புவார்கள். இங்கேயே தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள்.

என் காலத்தில் வந்த ஒருவன் முதல் மாதம் முழுக்க வயிற்றுப்போக்கில் படுத்தான். இரண்டாம் ஆண்டு முடியும்போது தல்லாகுளத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "அண்ணே, சீனி கம்மி" என்று சொல்வான், குரலை மட்டும் கேட்டால் உசிலம்பட்டிக்காரன் என்பீர்கள். மிருதங்கமும் கற்றுக்கொண்டான். அவனை ரயிலேற்றப் போன அன்று டீக்கடைக்காரரும் வந்திருந்தார்.

அந்த வளைவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டமளிப்பு நாளில் மாணவர்கள் அதன் வழியே நடந்து போவது வழக்கம். சிலர் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போவார்கள். மிஷனரிகளின் பெயர் இருந்தது, அவர்களோடு செத்த சீனர்களின் பெயர் எங்கே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. சீனர்களுக்கான நினைவுப் பலகை பிற்காலத்தில்தான் வந்தது.

#8 மாட்டுத்தாவணி

ஐயா, கும்பிடுறேன். நான் அமெரிக்கன் கல்லூரி வாசல் வழியா தினமும் போறவன். எனக்கே இது தெரியாது. சம்சாரத்துகிட்ட படிச்சுக் காமிச்சேன். "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கானாம்?"னு கேக்குறா.

#9 ஸ்காபரோ_சிவா

நான் போன வருசம் குடும்பமாப் போய்ப் பாத்தனான். டொராண்டோவிலயிருந்து ஒரு அரை நாள் ஓட்டம். பிள்ளையளுக்கு கல்லூரியள் காட்ட எண்டு வெளிக்கிட்டது, நான் தான் கடைசியில அங்க நிண்டு மினக்கெட்டது.

காரணம் இருக்கு. ஒரு விடுதிக்கு முன்னால, நிலத்துக்குள்ள இருந்து தண்டவாளம் சரிஞ்சு மேல எழும்பி நிக்கிறமாதிரி ஒரு சிற்பம். ரயிலும் இல்ல, ஸ்டேசனும் இல்ல. சும்மா வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. அடிமையள் தப்பியோடின 'தலைமறைவுப் பாதை'க்கு (ஆங்கிலத்தில 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்' எண்டுவினம்) நினைவுச்சின்னமாம். அந்தப் பாதை முடியிற இடம் எங்கட கனடா.

1858 செப்டம்பர் 13இல நடந்த சங்கதி தெரியுமோ? ஜான் பிரைஸ் எண்டு கென்டக்கியில அடிமையா இருந்து தப்பி வந்த பெடியன். உருளைக்கிழங்கு கிண்டுற வேலை இருக்கு எண்டு ஆசை காட்டி ஊருக்கு வெளியால கூட்டிக்கொண்டு போய் அடிமை பிடிக்கிறவங்கள் பிடிச்சுப்போட்டாங்கள். ஒன்பது மைல் தெற்கால வெலிங்டனில ஒரு ஹோட்டல் மேல்மாடியில அடைச்சு வச்சிருந்தவங்கள், ரயில் வரட்டும் எண்டு. ஓபர்லினுக்குச் செய்தி வந்ததும் ஊரே எழும்பிப் போச்சு. மாணவர், புத்தகக்கடைக்காரர், குதிரைச் சேணம் தைக்கிறவர், தச்சன், கறுப்பர், வெள்ளையர் எல்லாரும். ஹோட்டலுக்குள்ள புகுந்து அவரை மீட்டுக்கொண்டு வந்து, பேராசிரியர் ஒருத்தற்ற வீட்டில ஒளிச்சு வச்சு, பிறகு கனடாவுக்கு அனுப்பினவை. அந்தப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபேர்சைல்ட், பிறகு கல்லூரித் தலைவரா வந்தவர்.

தப்பின அடிமைக்கு உதவுறது அப்ப சட்டப்படி குற்றம். 37 பேரில வழக்கு. கன பேர் கிளீவ்லாந்துச் சிறையில கிடந்தவை. விசாரிச்சுத் தண்டிச்சது ரெண்டு பேரைத்தான், சைமன் புஷ்னெல், சார்ல்ஸ் லாங்ஸ்டன். ஒரு அகதியை ஒளிச்சு வைக்கிறதெண்டா என்ன எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. நான் அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில கன நேரம் நிண்டனான். மகன் வந்து "அப்பா, பசிக்குது" எண்டு கையைப் பிடிச்சு இழுத்தான்.

#10 ஓபி_அடிக்காதவள்

சிவா அண்ணா, அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் தினமும் கிளாஸுக்குப் போவேன். நாலு வருஷத்துல ரெண்டு தரம் நின்னு பார்த்திருப்பேன், அவ்வளவுதான். வெட்கமா இருக்கு.

ஆனா பழம்பெருமையை அங்க தினம் மூணு வேளை ஊட்டுவாங்க. 1835ல கறுப்பின மாணவர்களைச் சேர்க்கிறதா இல்லையான்னு ஓட்டெடுத்தப்ப சமநிலை வந்து, தலைவர் போட்ட ஒரு ஓட்டுல முடிவாச்சு. 1841ல மூணு பெண்கள் ஆண்களுக்குச் சமமா பி.ஏ. வாங்கினாங்க. 1862ல மேரி ஜேன் பேட்டர்சன், அமெரிக்காவுல பி.ஏ. வாங்கின முதல் கறுப்பினப் பெண். நாங்க இதை ஒப்பிச்சுக்கிட்டே, பக்கத்துத் தெருவுல இருக்கிற கறுப்பினக் குடும்பத்தோட பேர்கூடத் தெரியாம நாலு வருஷம் ஓட்டிடுவோம். அதுதான் உண்மை.

#11 வரிக்கணக்கு

இதைத்தான் நான் அப்பவே சொன்னேன். சரி, அந்த பேக்கரி கதையை யாராவது சொல்லுவீங்களா, இல்லை மறைச்சிடுவீங்களா?

#12 எரி_ஏரிக்கரை

மறைக்க என்ன இருக்கு. 2016 நவம்பர், அதிபர் தேர்தலுக்கு மறுநாள். கிப்சன்ஸ் பேக்கரி, 1885லிருந்து இருக்கிற குடும்பக் கடை, அந்தப் பச்சைச் சதுரத்துக்கு நேரா எதிர்ல. ஒரு கறுப்பின மாணவர் ஒயின் பாட்டில் திருடப் பார்த்தார்னு கடைக்காரர் வீட்டுப் பையன் துரத்திப் பிடிக்க, கைகலப்பு, மூணு மாணவர்கள் கைது. மறுநாள்லேர்ந்து கடை வாசல்ல போராட்டம், இது இனவெறிக் கடைன்னு துண்டறிக்கை. கல்லூரி கடையில வாங்கிக்கிட்டிருந்ததைக் கொஞ்ச நாள் நிறுத்திச்சு. அந்த மூணு பேரும் 2017ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. போராட்டத்துக்குக் கல்லூரியும் துணை போச்சுன்னு கடைக்காரங்க கல்லூரி மேல அவதூறு வழக்குப் போட்டாங்க. 2019ல ஜூரி கடை பக்கம். 2022ல மாநில உச்ச நீதிமன்றமும் கை விரிச்ச பிறகு, கல்லூரி கட்டின தொகை 3 கோடியே 65 லட்சம் டாலருக்கு மேல.

ரொட்டிக்கடையோட சண்டை போடுற கல்லூரியான்னு சார் கேட்டாரே, ஆமா, போட்டுச்சு, தோத்துச்சு. என் கணக்குல கல்லூரி மேலதான் தப்பு. பிள்ளைங்க கொதிப்பாங்க, அது வயசு. பெரியவங்க கூடச் சேர்ந்து ஆடக் கூடாது.

#13 ஓபி_அடிக்காதவள்

அண்ணா, அது நடந்தப்ப நான் படிப்பு முடிச்சு வெளிய வந்துட்டேன். ஆனா கூடப் படிச்ச கறுப்பினத் தோழி ஒருத்தி, ஊர்க் கடைகள்ல தன் பின்னாடியே ஆள் வர்றதைப் பத்தி அதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கா. எந்தக் கடைன்னு நான் சொல்லலை, அவளும் சொல்லலை. திருட்டு நடந்தது உண்மை, தீர்ப்பு வந்தது உண்மை. அவ சொன்னதும் உண்மை. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அழிக்க முடியாது.

#14 வரிக்கணக்கு

தீர்ப்பு வந்த பிறகும் "ஆனா" போடுறீங்க பாருங்க...

#15 இழைக்காவலர்

பேக்கரி பஞ்சாயத்தை இதோட முடிச்சுக்கலாம். நீதிமன்றம் அஞ்சு வருஷத்துல முடிச்சதை நாம அஞ்சு பதிவுல முடிக்க முடியாது. சார் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

#16 பசுமலைக்காரன்

அதே தெருவில் இன்னொரு கதை இருக்கிறது, சண்டை இல்லாதது. சார்ல்ஸ் மார்ட்டின் ஹால் 1885இல் ஓபர்லினில் பட்டம் வாங்கியவர். மறு ஆண்டு பிப்ரவரியில், கிழக்குக் காலேஜ் தெருவில் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மரக்கொட்டகையில், மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். அப்போது வயது 22. வேதியியல் படித்த அக்கா ஜூலியாவும் கூடவே இருந்தார். அதே ஆண்டு பிரான்சில் எரூல் என்பவரும் தனியே அதே வழியைக் கண்டார். அதற்கு முன் அலுமினியம் விலையுயர்ந்த உலோகம். நம் வீட்டு இட்லிக் குண்டான் அதற்குப் பிறகு வந்ததுதான்.

பெரும் பணக்காரராகி 1914இல் இறந்தார். உயிலில் கல்லூரிக்கு ஏராளமாக எழுதிவைத்து, ஒரு நிபந்தனையும் போட்டார். ஊர் நடுவிலிருக்கும் டாப்பன் சதுக்கத்தில் உள்ள கல்லூரிக் கட்டடங்களை இடித்துப் பூங்காவாக்க வேண்டும். 1927க்குள் எல்லாம் போய்விட்டன. நீங்கள் வரைபடத்தில் பார்த்த பச்சைச் சதுரம் அதுதான், தம்பி. 13 ஏக்கர்.

#17 ஓபி_அடிக்காதவள்

அந்தச் சதுக்கத்துல ரெண்டு பெரிய பாறை இருக்கும் அங்கிள். யார் வேணும்னாலும் பெயின்ட் அடிக்கலாம். பிறந்தநாள் வாழ்த்து, கண்டன வாசகம், காதல், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா. என் பிறந்தநாளுக்குத் தமிழ்ல 'கண்மணி'ன்னு எழுதச் சொல்லிக் குடுத்தேன், 'கணமணி'ன்னு எழுதி வெச்சுட்டாங்க. மறுநாளே யாரோ மேல வேற எழுதிட்டாங்க. வெள்ளை அணிலும் உண்டு. பரீட்சைக்குப் போறப்ப பார்த்தா ராசின்னு நம்புவோம்.

பட்டமளிப்புக்கு முந்தின ராத்திரி சதுக்கம் முழுக்க மரத்துக்கு மரம் காகித விளக்கு தொங்கவிடுவாங்க. மாணவர், பெத்தவங்க, பழைய மாணவர், ஊர்க்காரங்க எல்லாரும் சும்மா நடப்பாங்க. எங்கம்மா வந்திருந்தாங்க. மேடைப் பக்கம் உக்காந்து, கார்த்திகை மாதிரி இருக்குடின்னாங்க. பக்கத்துல ஒரு பாட்டி, கல்லூரிச் சமையற்கட்டுல வேலை பார்த்து ஓய்வானவங்க, அம்மாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உக்காந்தாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது, ஒரு மணி நேரம் பேசினாங்க. எனக்குத் தினம் தட்டுல சோறு போட்ட கை. பேர் கேட்டது அன்னைக்குத்தான்.

#18 ஸ்காபரோ_சிவா

தங்கச்சி, நல்லா எழுதுறீர்.

#19 வரிக்கணக்கு

சரி, இதுக்கு "ஆனா" போட மனசு வரலை. மாட்டுத்தாவணி சார், என் வீடு அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். பிள்ளை வந்து இறங்குற அன்னைக்கு ஆள் வேணும்னா தனிமடல் போடுங்க, விமான நிலையத்துக்கு நான் போறேன். வரி கேக்க மாட்டேன்.

#20 மாட்டுத்தாவணி

எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா ராத்திரி உக்காந்து இந்த இழையை வீட்டுல வாசிச்சுக் காமிச்சுக்கிட்டிருக்கேன். மகளுக்கு அந்த ஓவிய வாடகை பிடிச்சுப் போச்சு. சம்சாரத்துக்குப் பசுமலை ஐயாவோட டீக்கடைப் பையன். எனக்கு அந்த ஹோட்டல் மேல்மாடி. நேத்து முன்பணம் கட்டியாச்சு.

கடைசியா ஒரு சந்தேகம். அஞ்சு லிட்டர் குக்கர் வாங்கி வெச்சிருக்கா எங்க வீட்டம்மா. குடுத்து விடலாமா?

#21 ஓபி_அடிக்காதவள்

அறையில அடுப்பு வைக்க விடமாட்டாங்க அங்கிள். குக்கரைப் பார்க்கிற சுங்க அதிகாரிக்கும் நெஞ்சு அடைச்சிடும். ஆன்ட்டிகிட்ட சாம்பார்பொடி ரெண்டு கிலோ அரைச்சுத் தரச் சொல்லுங்க. எண்பது பேருக்குக் கணக்குப் போட்டு அரைக்கச் சொல்லுங்க. காரம் மட்டும் பாதி.